எட்டாவது மூடி

எங்கள் துப்பறியும் தொழிலில் மூளை அண்ணி, வாய் நான். பதினோரு வருடமாக இந்தப் பங்கீடு குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை அண்ணியின் ஸ்கூட்டர் பஞ்சராகி நடுவழியில் நின்றுவிட்டதால், மூளைக்கு முன்னால் வாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. வேலையை விட்டுத் தனியார் விசாரணை ஆபீஸ் போட்டபோது, மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டார். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் ஒரு கேஸை, ஒரே ஒரு கேஸை, அண்ணி வருவதற்குள் நானே முடித்துக் காட்ட வேண்டும் என்ற அரிப்பும் எனக்கு நாற்பத்திரண்டு வயதில் அடங்காமல் இருந்தது.

இடம், ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. தண்ணீர் பம்புகளுக்கு ஆர்டர் எடுக்கும் ஆபீஸ். மேசைகள் எட்டு, ஆட்கள் எட்டு, கம்ப்யூட்டர்கள் எட்டு. கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழடு தட்டிப்போனவை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஆற அமர டீ குடித்து வந்தால்தான் திரையில் வெளிச்சம் வரும்.

முதலாளி புதிதாக வாங்க ஒப்புக்கொண்டார். ஆனால் கம்பெனி செட்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எந்தெந்தப் பாகம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கம்ப்யூட்டர் சாருக்கு. அவர் அந்த ஆபீஸின் தலைமை எழுத்தர். இருபது வருடத்துக்கு முன்னால் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் துணிந்த ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிண்டரில் தாள் மாட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பாகங்கள் வெள்ளிக்கிழமை வந்து இரும்பு அலமாரியில் ஏறின. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடையிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் பூட்டித் தருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு ஸ்டோர் கிளார்க் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். மதர்போர்டு எட்டு இருந்தன. மெமரி எட்டு, பவர் சப்ளை எட்டு, இரும்புக் கூடு எட்டு, எல்லாம் சரி. ப்ராசஸர் மட்டும் ஒன்றுகூட இல்லை. முதலாளி உடனே எங்களுக்குப் போன் போட்டுவிட்டார்.

ப்ராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை. பிஸ்கட் அளவுதான் இருக்கும். எட்டையும் ஒரு சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

சாப்பாட்டுப் பை என்று தோன்றியதுமே என் கண் வாளியம்மா மேல் போயிற்று.

அந்தக் கட்டடம் முழுவதையும் கூட்டித் துடைப்பவர் வாளியம்மா. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாளிச் சத்தம் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். காலை ஏழு மணிக்கு எல்லா ஆபீஸையும் திறப்பவர் அவர். சாவி அவர் கையில். அலமாரிப் பூட்டோ பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, இழுத்தால் திறந்துகொள்ளும்.

"அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

அவர் நீட்டினார். நான் அதை வாங்கி, பக்கத்து மேசையில் தலைகீழாகக் கொட்டினேன். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, மடித்த துண்டு. கடைசியாக, உள்ளங்கையில் அடங்கும் சதுரமான ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி விழுந்தது.

ஸ்டோர் கிளார்க் குனிந்து பார்த்தார். "இது நம்ம மதர்போர்டு மேல இருக்குற மூடி மாதிரில்ல இருக்கு!"

அண்ணி இல்லாமலே பத்து நிமிடத்தில் கேஸ் முடிந்தது. சுற்றி ஒரு கூட்டம். வாய் சும்மா இருக்குமா?

"துடைக்கிறது உங்க வேலைன்னு தெரியும்மா. அதுக்காக அலமாரியையுமா துடைச்சு எடுக்கணும்?"

ஏழு பேர் சிரித்தார்கள். வாசலில் வேடிக்கை பார்க்க வந்து நின்ற மேல்மாடிக்காரர்களும் சிரித்தார்கள். வாளியம்மா என் முகத்தைப் பார்த்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. மேசை மேல் கிடந்த மாத்திரை அட்டையை மட்டும் எடுத்து, எல்லோரும் அதைப் படித்துவிடக் கூடாது என்பதுபோல் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

"பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன்" என்றார் முதலாளி. "பொருள் வந்துச்சுன்னா சரி. இல்லேன்னா போலீஸ்தான்."

வாளியம்மா வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி வந்து சேர்ந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு ஜெயித்தவன் மாதிரி நின்றேன். நடந்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன், என் ஜோக் உட்பட. அண்ணி சிரிக்கவில்லை.

"இங்க மொத்தம் எத்தனை பேர்?"

"முதலாளியைச் சேக்காம எட்டு. வாளியம்மாவோட ஒம்பது."

"எத்தனை பையைக் கொட்டினே?"

"ஒண்ணு."

"ஒம்பது பை இருந்துருக்கு. அதுல ஒண்ணுதான் உன் கண்ணுல பட்டுச்சா?"

அண்ணி மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "சரி, எட்டு ப்ராசஸரை அந்தம்மா எடுத்துட்டாங்கன்னே வெச்சுக்க. அதெல்லாம் எங்க?"

"எங்கயாவது கைமாத்தியிருப்பாங்க."

"பெறுமானமுள்ளதைக் கைமாத்திட்டு, ஒண்ணுக்கும் ஆகாத மூடியைச் சாப்பாட்டு டப்பா பக்கத்துல பத்திரமா வெச்சிருந்தாங்களாக்கும். இதை எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஜோக்தான் தோன்றியது.

அண்ணி முதலாளியிடம் திரும்பினார். "வேற ஏதாவது காணோமா சார்?"

"வேறொண்ணும் இல்ல. ஆங்... கடைக்குக் குடுத்த பட்டியல், எங்க நகல், அலமாரிக் கதவுல ஒட்டியிருந்தது. அதையும் காணோம். காத்துல பறந்திருக்கும்."

"ஒட்டின தாளா?"

அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வண்டியை எடு தம்பி. பொருளை எடுத்தவன் விக்கலாம். பட்டியலை எங்க கொண்டுபோய் விப்பான்? அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துருவோம்."

படியில் இறங்கும்போது வாளியம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

வண்டியில் போகும்போது, எனக்கு ஏதாவது ஒரு நல்ல பெயர் மிச்சமிருக்கட்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். "எல்லாரும் என்னை மாதிரி இல்ல அண்ணி. அந்தக் கம்ப்யூட்டர் சார் தங்கமான மனுஷன். நான் பையைக் கொட்டினப்போ எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். சிரிக்கக்கூட இல்ல."

அண்ணி பின்னாலிருந்து என் தோளைத் தட்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னார்.

"பரீட்சை ஹால்ல ஒருத்தன் பிட்டோட மாட்டினா மொத்த ஹாலும் திரும்பிப் பாக்கும்" என்றார் அண்ணி. "திரும்பாம குனிஞ்சு எழுதுறவன் ஒருத்தன் இருப்பான்."

"படிக்கிற பையனா?"

"சில சமயம்" என்றார் அண்ணி.

கம்ப்யூட்டர் கடை ஒரு வணிக வளாகத்தின் கடைசி வரிசையில் இருந்தது. தரையெல்லாம் அட்டைப்பெட்டி. கொண்டையில் பேனா மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு, முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் அன்று பதினோரு மணிக்கு வரவேண்டிய டெக்னீஷியன். திருட்டுப் போய்விட்டது, வர வேண்டாம் என்று போன் வந்ததாம்.

அண்ணி மூடியை நீட்டினார்.

"சாக்கெட் மூடி" என்றாள் நிமிர்ந்து பார்க்காமலே. "மதர்போர்டுல ப்ராசஸர் உட்கார்ற எடத்துல ஊசி ஊசியா இருக்கும். கை பட்டா வளைஞ்சிரும். அதனால மூடி போட்டு அனுப்புவாங்க."

"இது எப்ப கழண்டு வரும்?"

"தானா வராது. ப்ராசஸரை உள்ள வெச்சு, லீவரை அழுத்தி மூடினாதான் டக்குன்னு தெறிச்சு வரும்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: "அப்போ யாரோ ஒரு ப்ராசஸரை மாட்டியிருக்காங்க. திருடுறதுக்கு முன்னாடி... மாட்டிப் பாத்துருக்காங்க."

"சட்டையா, அளவு பாத்து எடுக்க?" என்றார் அண்ணி. ஜோக் அடிப்பது என் வேலை. அன்றைக்கு அதையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது.

கடையிலிருந்த பட்டியல் நகலைக் கேட்டோம். டெக்னீஷியன் தேடி எடுத்து, கொடுப்பதற்கு முன்னால் தானே ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அப்படியே நின்றாள்.

"இந்த ஆர்டரை நான் இப்பதான் பாக்குறேன். கவுன்ட்டர்ல எழுதினதை எழுதினபடி எடுத்துக் குடுத்துட்டாங்க போல... இது ஆபீசுக்குத்தானே? டிஸ்ப்ளே கார்டு தனியா எங்கயும் வாங்கலையே?"

"அப்படின்னா?" என்றார் அண்ணி.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாருங்க மேடம், ஆபீஸ் மெஷினுக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். கணக்குப் போடணும், மெயில் பாக்கணும், இருபது பக்கம் திறந்து வெச்சாலும் மூச்சு வாங்கக் கூடாது. அதுக்கு எது வேணுமோ அத்தனையும் இதுல இருக்கு. மெமரியை ஒரே பட்டையா எடுத்து, இன்னொரு எடத்தைக் காலியா விட்டுருக்கார், நாளைக்குத் தேவைப்பட்டா போட்டுக்கலாம்னு. காசு மிச்சம் பண்ண எல்லாரும் பவர் சப்ளைலதான் கையை வைப்பாங்க, இவர் வைக்கல. நல்லதா எழுதியிருக்கார். யார் எழுதினாங்களோ, ரொம்ப யோசிச்சு, ராத்திரி பகலா உக்காந்து எழுதியிருக்காங்க. ஒரே ஒரு எழுத்துல கவுத்துட்டாங்க."

அவள் விரல் ப்ராசஸர் வரியின் கடைசியில் நின்றது. எண்களுக்குப் பின்னால் எஃப் என்ற ஓர் எழுத்து.

"இந்த எழுத்து இருந்தா அந்த ப்ராசஸருக்குப் படம் காட்டத் தெரியாது. அதனாலதான் விலையும் கொஞ்சம் கம்மி. தனியா டிஸ்ப்ளே கார்டு போடுறவங்க வாங்குற சரக்கு. கார்டு இல்லாம இதைப் போட்டா மெஷின் ஓடும், ஃபேன் சுத்தும், லைட் எரியும். ஸ்க்ரீன் மட்டும் இருட்டாவே இருக்கும்."

"எட்டும்?"

"எட்டும்தான்."

"மாத்திக் குடுப்பீங்களா?"

"சீல் பிரிக்காததை மாத்தலாம். பிரிச்சதை மாத்த முடியாது, அந்த ஒண்ணுக்கு மட்டும் சின்னதா ஒரு கார்டு போட்டுக்கலாம். அவ்வளவுதான், இதுக்கெல்லாமா தலையில கை வெப்பாங்க?" அவள் ஏதோ நினைவு வந்தவளாகச் சிரித்தாள். "நல்லவேளை இன்னைக்கு வந்தீங்க. நேத்து வந்திருந்தா வேலைக்காகாது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு."

நாங்கள் திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை.

ஸ்டோர் கிளார்க்கை வைத்துக்கொண்டு எட்டு மதர்போர்டுப் பெட்டிகளையும் திறந்தோம். ஏழில் மூடி இருந்தது. எட்டாவது மொட்டையாக, ஊசிகள் மின்ன, வெறுமனே கிடந்தது. ஓரத்தில் சாம்பல் நிறப் பசை லேசாகத் தடவியிருந்தது. ப்ராசஸருக்கும் விசிறிக்கும் நடுவே பூசுகிற பசை. யாரோ அதைத் துடைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணி வெளியே போய் மாடிப்படியில் வாளியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இரண்டு படி மேலே நின்றேன்.

"இந்த மூடி எங்கம்மா கெடந்துச்சு?"

"காலையில கூட்டும்போது." வாளியம்மா நேராகப் பார்த்தபடி சொன்னார். "மெஷின் சாமானா இருக்கும், வேணும்னு தேடுவாங்க, ஆள் வந்ததும் குடுக்கலாம்னு பையில போட்டேன். அதுக்குள்ள ஒரே கூச்சல். எங்க கெடந்துச்சுன்னு யாரும் கேக்கல."

கடைசி வாக்கியம் எனக்காக இல்லை. ஆனால் இரண்டு படி ஏறி வந்து என்னைத்தான் அடித்தது.

"இப்ப நான் கேக்குறேன். யார் மேசைக்குக் கீழ?"

வாளியம்மா வாளியின் கைப்பிடியைத் தூக்கினார், விட்டார். அது கிணுங்கென்று விழுந்தது. பிறகு சொன்னார்:

"சார் எம் பொண்ணுக்குக் காலேஜ் பாரம் நிரப்பிக் குடுத்தாரும்மா. மூணு நாள் சாயங்காலம் உக்காந்து நிரப்பிக் குடுத்தாரு. இப்ப அவ ரெண்டாவது வருஷம்."

அண்ணி எழுந்துகொண்டார். வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கம்ப்யூட்டர் சாரை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினோம். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை. தோளில் மாட்டியிருந்த பையை அங்கேயும் கழற்றாமல் வந்து நின்றார். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். ப்ராசஸர் பேர்ல கடைசியா எஃப்னு ஒரு எழுத்து வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் ஒரு பம்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"ஃபாஸ்ட்டுன்னு நெனச்சேன் மேடம்."

சாதாரணமாக அந்த ஒரு பதிலுக்கு என்னிடம் பத்து ஜோக் வந்திருக்கும். ஒன்றுகூட வரவில்லை.

"ரெண்டு மாசம் படிச்சேன். வீட்டுல பேத்தியோட போன்ல பாத்துப் பாத்து எழுதினேன். எல்லாம் புரிஞ்சுது, அந்த எழுத்து மட்டும் புரியல. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டா, 'கம்ப்யூட்டர் சாருக்கே தெரியலையா'ன்னு..." அவர் கையை விரித்தார். "சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போனதும் ஒண்ணை மட்டும் மாட்டிப் பாத்தேன். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு முன்னாடி நானும் ரெண்டு ஸ்க்ரூ முடுக்கினா நல்லாயிருக்கும்னு ஒரு ஆசை. ஸ்க்ரீன் வரவே இல்ல. ஆறு மணி வரைக்கும் இருட்டு ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் தேடிப் பாத்து, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"எடுத்துட்டுப் போனீங்க."

"திருடணும்னு இல்ல மேடம், சத்தியமா! ஞாயித்துக்கிழமை நானே கடைக்குப் போய், கையிலேருந்து போட்டு மாத்திட்டு, காலையில வெச்சுரலாம்னு. திருத்தி எழுதப் பட்டியலையும் எடுத்துக்கிட்டேன். கடை பூட்டியிருந்தது. இன்னைக்குப் பத்து மணிக்குக் கடை திறந்ததும் ஓடலாம்னு வந்தா, ஒம்பது மணிக்கே அலமாரியைத் திறந்துட்டாங்க. திருட்டு, திருட்டுன்னு ஒரே சத்தம். நான்தான் எடுத்தேன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷம் போயிடுச்சு."

"ஒரு நிமிஷம் இல்ல சார். மூணு மணி நேரம்" என்றார் அண்ணி. "அதுல ஒருத்தங்க பையைத் தலைகீழாக் கொட்டினாங்க. அதையும் நின்னு பாத்தீங்க."

"பாக்கல மேடம்" என்றார் அவர். "பாக்க முடியல."

"இப்ப எங்க இருக்கு?"

அவர் தோள் பையைக் கழற்றி மடியில் வைத்தார். ஜிப்பைத் திறந்தார். மடித்த பட்டியலுக்கு அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஏழு சீல் பிரிக்காதவை, ஒன்று பிரித்தது.

காலையில் நான் ஒரு பையைப் பிடுங்கிக் கொட்டியபோது, இந்தப் பை எனக்கு நாலு அடி தள்ளி, ஒரு இஸ்திரிச் சட்டைத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு எண்ணமே வரவில்லை. அவரை சார் என்று கூப்பிட்டேன். வாளியம்மாவின் நிஜப் பெயர் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் சார் நிமிர்ந்தார். "மேடம், அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு, கெடைச்சிருச்சுன்னு சொல்லிரலாமா? யாருக்கும் கெட்ட பேரு வராது."

"ஒருத்தங்களுக்கு ஏற்கெனவே வந்துருச்சே. அவங்க திருடலைன்னு ஆகணும்னா, என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லணும். நான் சொன்னா அது கேஸ். நீங்க சொன்னா..." அண்ணி கதவைத் திறந்துவிட்டார். "நீங்களே முடிவு பண்ணுங்க. மணி பன்னெண்டாகப் போகுது."

அவர்தான் சொன்னார். எட்டு மேசைக்கும் நடுவே நின்று, டப்பாக்களை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, எழுத்தில் ஆரம்பித்து மூடி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். ஃபாஸ்ட் என்று நினைத்ததையும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி போனைக் கீழே வைத்தார்.

"காலையில வந்து சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பேனேய்யா!"

"அந்தச் சிரிப்புக்குத்தான் சார் பயந்தேன்."

முதலாளி அந்த டப்பாக்களை அவர் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. நானும் வரேன். மத்ததை நாளைக்குப் பேசலாம்."

வாளியம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சார் அவர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். வாளியம்மா அந்தக் கைகளைப் பார்த்தார்.

"பாரம் நிரப்பிக் குடுத்தீங்க. அதுக்காகத்தான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். இனிமே நீங்க யாரோ, நான் யாரோ" என்றார். கோபம் தெரியாத, தட்டையான குரல். சார் தலையைக் குனிந்துகொண்டு முதலாளி பின்னால் படியிறங்கினார்.

அடுத்து என் முறை. அண்ணி என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தள்ளிவிட மாட்டார், இழுத்துக்கொண்டு போகவும் மாட்டார் என்று புரிந்தது.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. பையைத் தொட்டது தப்பு. அந்த வார்த்தை அதைவிடத் தப்பு."

"சரி."

"மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிச்சா எனக்கு என்ன தம்பி கெடைக்கும்?" வாளியம்மா உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். "இந்தக் கட்டடத்துல எல்லா மாடிக்கும் நான்தான். காலையில நீங்க சொன்னதைக் கேட்டு மேல்மாடியில பல் டாக்டர் ஆளுங்க சிரிச்சாங்க. அரைமணி நேரத்துல அவங்க நர்ஸம்மா எறங்கி வந்து, படியில உக்காந்திருந்த என்கிட்ட சாவியைக் குடுத்துருங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல பீரோவைப் பூட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. இங்க நாலு சுவத்துக்குள்ள நீங்க மன்னிப்புக் கேட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு வாங்க. ஒவ்வொரு மாடியா."

நாலாவது மாடியில் ஆரம்பித்தேன். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி, டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். நான் துப்பறிகிற ஆள், காலையில் ஒரு ஜோக் அடித்தேன், அது பொய், இந்த அம்மா எதையும் எடுக்கவில்லை. நர்ஸ் முகம் சிவந்து, மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து வாளியம்மாவிடம் நீட்டினார். வாளியம்மா வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. இரண்டாவது மாடி டியூஷன் சென்டரில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டி, முப்பது மாணவர்கள் முன்னால் சொன்னேன். முதல் மாடி ஆடிட்டர் ஆபீஸில், நான் சொல்லி முடித்த பிறகும் ஒருவர் "அப்போ எடுத்தது யாரு?" என்று ஆவலாகக் கேட்டார். "யாருமே திருடல சார்" என்றேன். எல்லா மாடியிலும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். பழகவே இல்லை.

கீழ்த்தளத்தில் மருந்துக்கடை. கூட்டம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "மருந்துச் சீட்டு?" என்றார்.

"சீட்டு இல்ல. ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்ப வரிசையில வாங்க."

ஆறு பேருக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் வாளியம்மா நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாத்திரை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வரிசை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. என் முறை வந்ததும் சொன்னேன். கடைக்காரர் ஒரு கையில் மாத்திரை டப்பாவோடு, புரியாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எனக்கு இப்படி ஒரு கதையே தெரியாதுங்களே" என்றார். "காலையிலேருந்து ஒரே கூட்டம். யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லட்டும் விடுங்க" என்றது பின்னாலிருந்து வாளியம்மாவின் குரல். "எனக்குக் கேக்கணும்."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை கடைக்காரரைப் பார்த்துச் சொல்லவில்லை. வாளியம்மா பக்கம் திரும்பி நின்று சொன்னேன்.